அழகாகத்தான் இருக்கிறது, வாடகை எவ்வளவு?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் அப்பா காலத்திலிருந்து கல்யாண மண்டபம் நடத்துகிறோம். கணக்கும் புக்கிங்கும் என் பொறுப்பு. கட்டடம், ஆட்கள் எல்லாம் தம்பி. போன வருடம் தம்பிக்குத் தெரிந்த ஒரு பையனிடம் 60,000 ரூபாய் கொடுத்து வெப்சைட் போட்டோம். திறந்ததும் மண்டபத்து வீடியோ ஓடும், நாதஸ்வரம் கேட்கும், ஐந்து படங்கள் மாறி மாறி வரும். சந்தன நிறத்தில் தங்க எழுத்தோடு கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருக்கும். வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆனால் சைட்டைப் பார்த்துவிட்டு போன் செய்கிறவர்கள்கூட வாடகை எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், இந்தத் தேதி காலியா என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். (வாடகையைப் போட்டால் பக்கத்து மண்டபக்காரர் பார்த்துவிடுவார் என்று தம்பி போடவிடவில்லை.) இப்போது தஞ்சாவூரில் ஒரு கம்பெனிக்காரர், "டிசைனே தப்பு, பழைய டெக்னாலஜி, முழுக்க மாற்ற வேண்டும், 1,20,000 ஆகும்" என்கிறார். "ரசனை ஆளுக்கு ஆள் மாறும், இவர் வேலை பிடிக்கத்தான் இப்படிச் சொல்கிறார்" என்கிறான் தம்பி. வெப்சைட் டிசைனில் நல்லது, மோசம் என்று உண்மையிலேயே ஒன்று இருக்கிறதா? இல்லை, எல்லாம் ரசனைதானா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

வணக்கம் சகோதரி,

இருக்கிறது. ரசனைக்கும் அதில் இடம் உண்டு, ஆனால் உங்கள் தம்பி கொடுக்கிற இடம் கொஞ்சம் அதிகம்.

மண்டபம் தேடி உங்கள் சைட்டைத் திறக்கிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். பெண்ணின் அப்பாவாக இருக்கும், அல்லது மாப்பிள்ளை வீட்டுச் சித்தப்பா. ஜோசியர் இரண்டு மூன்று முகூர்த்தம் குறித்துக் கொடுத்திருக்கிறார். கையில் ஐந்தாறு மண்டபங்களின் பெயர் இருக்கிறது. கூடத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போனில் பார்க்கிறார். அவருக்குத் தெரிய வேண்டியது தேதி, வாடகை, ஹாலில் எத்தனை பேர், ஒரு பந்திக்கு எத்தனை இலை, மாப்பிள்ளை வீட்டார் தங்க எத்தனை அறை, கார் எங்கே நிறுத்துவது. இதற்கெல்லாம் தேடாமல் பதில் கிடைத்து, கிடைத்த பதிலை நம்பவும் முடிந்தால் அது நல்ல டிசைன். பார்த்து முடித்த பிறகும் அவர் போன் செய்து வாடகையில் ஆரம்பிக்கிறார் என்றால், சைட் அவருக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. நிறம், எழுத்து, படம், வீடியோ எல்லாவற்றையும் இந்த இடத்தில் நின்று பாருங்கள். வீட்டில் நடக்கிற பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நீங்கள் அனுப்பிய லிங்கை என் போனில் மொபைல் டேட்டாவில் திறந்தேன். நாதஸ்வரம் கேட்கவில்லை. பையன் மீது தப்பில்லை. 2018-லிருந்தே குரோம் பிரவுசர், நாம் தொடாமல் ஒலியோடு எதையும் ஓடவிடுவதில்லை. ஐபோனில் உள்ள சஃபாரியும் அப்படித்தான். பிறகு தம்பிக்கு மட்டும் எப்படிக் கேட்கிறது? கணினியில் உள்ள குரோம், நாம் எந்தெந்தத் தளத்தில் ஒலியோடு வீடியோ பார்க்கிறோம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். அடிக்கடி பார்க்கிற தளம் என்றால் அதை மட்டும் தானாக ஓட அனுமதிக்கும். தம்பி தினமும் திறந்து ரசிக்கிறார் போலிருக்கிறது. ஆசையாகக் கட்டியது, ரசிக்கட்டும். ஆனால் அவர் பார்க்கிற சைட் வேறு, வாடிக்கையாளர் பார்க்கிற சைட் வேறு. ஒரு சைட் எப்படி இருக்கிறது என்று சொல்லத் தகுதி குறைந்தவர் அதன் சொந்தக்காரர்தான். எது எங்கே இருக்கிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

எனக்கு முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் கட்டம். வீடியோ வர நேரமாயிற்று. மாறி மாறி வரும் ஐந்து படங்களும் கேமராவில் எடுத்த அளவிலேயே ஏற்றப்பட்டிருக்கின்றன, ஒவ்வொன்றும் 5 எம்பிக்கு மேல். போன் திரையில் காட்ட அதே படத்தை 200 கேபிக்குள் சுருக்கினால் போதும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வீட்டு வைஃபையில் இதெல்லாம் உறைக்காது. ஒரு பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் திரைக்கு வந்துவிட வேண்டும் என்று கூகுள் ஓர் அளவு வைத்திருக்கிறது. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசக் கருவியில் உங்கள் சைட் முகவரியைப் போட்டால், மொபைலில் எத்தனை விநாடி ஆகிறது, எந்தப் படம் இழுத்தடிக்கிறது என்பதுவரை காட்டிவிடும். அதில் ரசனைக்கு இடமே இல்லை, எண்தான் பேசும். தம்பியையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

பெரிய பெரிய ஆட்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 1999 நவம்பரில் லண்டனில் பூ டாட் காம் என்று ஒரு ஆன்லைன் துணிக்கடை திறந்தது. ஸ்வீடனிலிருந்து வந்தவர்கள் தொடங்கியது. உடைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், மிஸ் பூ என்ற பொம்மைப் பெண் கூடவே வந்து யோசனை சொல்வாள். அந்தக் காலத்துக்கு அசத்தலான வேலை. ஆனால் அன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் இருந்தது டெலிபோன் லைனில் ஓடும் மோடம்தான். பக்கம் திறப்பதற்குள் பொறுமை போய்விடும். ஆப்பிள் மேக் வைத்திருந்தவர்களால் ஆரம்பத்தில் உள்ளேயே போக முடியவில்லை. சுமார் 135 மில்லியன் டாலரைக் கரைத்துவிட்டு 2000 மே மாதம் கடையை மூடினார்கள். கண்மண் தெரியாத செலவு, ஒரே நேரத்தில் பல நாடுகளில் இறங்கியது என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாப் பழியையும் டிசைன் மேல் போடமாட்டேன். ஆனாலும் அதைச் செய்தவர்கள் திறமைசாலிகள், அவர்கள் ஆபீஸில் அது நன்றாகவே ஓடியிருக்கும். வாங்குகிறவர் வீட்டில் ஓடவில்லை.

இதனால் அழகே வேண்டாம் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தம்பி பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதற்கு ஆதாரமே உண்டு. 1995-ல் ஜப்பானில் ஹிட்டாச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மசாக்கி குரோசு, கவோரி காஷிமுரா இருவரும் ஏடிஎம் திரைக்கு 26 விதமான அமைப்புகள் போட்டு 252 பேரிடம் காட்டினார்கள். எல்லாவற்றிலும் அதே பட்டன்கள்தான், வைத்த விதம்தான் வேறு. எது கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததோ அதைத்தான் பயன்படுத்தவும் சுலபம் என்று மக்கள் சொன்னார்கள். இஸ்ரேலில் நோம் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர், தன் நாட்டு ஆட்களிடம் இது எடுபடாது என்று நினைத்து அதையே செய்து பார்த்தார். அங்கே இன்னும் அழுத்தமாக அதே முடிவு வந்தது. 2006-ல் கனடாவில் கிட்டே லிண்ட்கார்ட் குழுவினர் வெப் பக்கங்களை 50 மில்லிவிநாடி, அதாவது ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் மட்டுமே காட்டி, பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். அதற்குள்ளாகவே மக்கள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஆகவே அலங்கோலமான சைட்டை வைத்துக்கொண்டு, "விவரமெல்லாம் உள்ளே இருக்கிறது, படித்துப் பாருங்கள்" என்று சொல்ல முடியாது. தகரக் கொட்டகை மாதிரி இருக்கிற சைட்டைப் பார்த்து யாரும் மகள் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கமாட்டார்கள்.

எந்த அழகு என்பதுதான் இங்கே கேள்வி. உங்கள் முதல் படத்தில் ஒரு மணப்பெண் தலைகுனிந்து சிரிக்கிறாள். கை நிறைய சிவப்பு வெள்ளை வளையல், பஞ்சாபி கல்யாணத்தில் போடுவது. அது உங்கள் மண்டபமும் இல்லை, நம் ஊர்க் கல்யாணமும் இல்லை. பையன் எங்கேயோ இலவசமாக எடுத்துப் போட்டிருக்கிறான். பார்க்கிறவருக்கு அது ஒரு நொடியில் தெரிந்துவிடும், "மண்டபம் இதைவிடச் சுமாராக இருக்கும், அதுதான் காட்டவில்லை" என்று நினைத்துக்கொள்வார். எடுத்துவிடுங்கள். உங்கள் மண்டபத்தில் நிஜமாக நடந்த கல்யாணத்தில், அந்த வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மேடையலங்காரத்தோடு ஒரு படம். இலை போட்டுத் தயாராக இருக்கும் டைனிங் ஹால் ஒன்று. சமையற்கட்டு, அறைகள், பார்க்கிங். கழிவறையின் படத்தையும் போடுங்கள். சிரிக்க வேண்டாம், மண்டபம் பார்க்க வருகிற பெண்கள் மேடையைப் பார்த்த பிறகு நேராக அங்கேதான் போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வையுங்கள், தானாக ஓடவிட வேண்டாம். அமெரிக்காவில் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் முகப்புப் பக்கத்தில் இப்படி ஓடுகிற படங்களை எத்தனை பேர் தொடுகிறார்கள் என்று 2013-ல் கணக்கெடுத்தார்கள். வந்தவர்களில் சுமார் 1 சதவீதம்தான். அதிலும் பெரும்பாலானவர்கள் தொட்டது முதல் படத்தை. இரண்டாவது முதல் ஐந்தாவது வரை யாரும் சீண்டவில்லை என்றே சொல்லலாம். உங்கள் டைனிங் ஹால் நாலாவது படத்தில் இருக்கிறது.

அழகு என்றால் தோரணம் கட்டுவதுதான் என்பதும் இல்லை. பிரிட்டிஷ் அரசு தன் பழைய தளங்களில் முக்கியமானவற்றை மூட்டை கட்டிவிட்டு 2012 அக்டோபரில் கவ் டாட் யூகே என்ற ஒரே தளத்தைத் திறந்தது. கறுப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி, பெரிய தலைப்புகள், அவ்வளவுதான். அடுத்த ஆண்டு லண்டன் டிசைன் மியூசியம், அந்த ஆண்டின் சிறந்த டிசைன் விருதை அதற்குத்தான் கொடுத்தது. போட்டியில் இருந்தவற்றில் ஒன்று, லண்டனில் புதிதாக எழும்பியிருந்த ஷார்டு கோபுரம்! அந்தத் தளத்தில் பொது விடுமுறை நாட்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அடுத்த விடுமுறை எப்போது என்பதுதானே வருகிறவரின் கேள்வி? பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் அந்தத் தேதி இருக்கும். மற்ற விடுமுறைகள் எல்லாம் கீழே. விடுமுறை நாளன்று மட்டும் மேலே வண்ணக் கொடித்தோரணம் தொங்கும். யாருக்கும் குறுக்கே நிற்காத இடத்தில் ஒரு சின்ன அலங்காரம், எனக்கு ரொம்பப் பிடித்தது.

உங்கள் முகப்புக்கு வருவோம். அங்கே இப்போது வரவேற்புரை, நிறுவனர் வரலாறு, எங்கள் லட்சியம், இத்தனையும் தாண்டித்தான் மண்டபத்தின் அளவே வருகிறது. அப்பாவின் கதை நல்ல கதைதான், கீழே இருக்கட்டும். மேலே மண்டபத்தின் பெயர், ஊர், ஒரு நல்ல படம், ஹாலில் எத்தனை பேர், பந்திக்கு எத்தனை பேர், ஏசி உண்டா, அறைகள் எத்தனை, வாடகை, போன் நம்பர். ஒரு போன் திரைக்குள் இவ்வளவும் அடங்கும்.

வாடகையைப் பற்றித் தம்பி சொல்வதை ஏற்கமாட்டேன். பக்கத்து மண்டபக்காரருக்கு உங்கள் வாடகை ஏற்கெனவே தெரியும், தெரியாவிட்டால் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வார். மறைப்பதால் நீங்கள் இழப்பது வாடிக்கையாளரைத்தான். கேட்க நேரமில்லாதவர், கேட்கக் கூச்சப்படுகிறவர், துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ராத்திரியில் பார்க்கிறவர், இவர்கள் எல்லாம் வாடகை போட்டிருக்கும் வேறு மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். போனவர் போனதே உங்களுக்குத் தெரியாது. சரி, ஒரே தொகையாகப் போட மனமில்லை என்றால் முகூர்த்த நாளுக்கு இவ்வளவு முதல், மற்ற நாளுக்கு இவ்வளவு முதல் என்று போடுங்கள். அதோடு எதெல்லாம் வாடகையில் அடக்கம், எதெல்லாம் தனி என்பதும் அங்கேயே வரவேண்டும். கரண்ட் மீட்டர்படி தனியா, ஜெனரேட்டர் டீசல் யார் பொறுப்பு, கிளீனிங், கேஸ், பாத்திரம், ஜிஎஸ்டி. மண்டபக்காரர்கள் என்றாலே கடைசி பில்லில் ஏற்றிவிடுவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதல்லவா? மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணையத்தில் ஆளை ஏமாற்றும் 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையின் ஒரு பகுதியை முதலில் காட்டிவிட்டு மீதியைச் சொட்டுச் சொட்டாகப் பிறகு ஏற்றுவதும் அதில் ஒன்று. வாடகையே போடாமல் இருப்பது அதில் வராது. குறைத்துப் போட்டு ஆள் பிடிப்பது வரும். முழுசாகப் போட்டுவிட்டால் அந்த வம்பும் இல்லை, "இவர்கள் ஒளிக்கவில்லை" என்ற நம்பிக்கையும் வரும்.

அடுத்தது தேதி. பையன் ஒரு புக்கிங் காலண்டர் வைத்திருக்கிறான், பார்த்தேன். அது லாட்ஜ் ரூமுக்காகச் செய்யப்பட்டது. செக்கின், செக்கவுட் என்று கேட்கிறது. கல்யாண வீட்டார் அப்படியா யோசிப்பார்கள்? முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், சாப்பாடு முடிந்து மதியத்துக்கு மேல் காலி செய்வது. அவர்கள் வாயில் வருவது முகூர்த்த நாள் ஒன்றுதான். அந்த ஒரு நாளைத் தொட்டதும் முந்தின நாள் மாலையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத் தேதிக்குக் கீழே தை 12, வைகாசி 5 என்று தமிழ்த் தேதியும் இருந்தால் பெரியவர்களுக்கு உதவும். ஆடியும் மார்கழியும் காலியாகக் கிடக்கும் என்பதால், காதுகுத்து, பிறந்தநாள், கம்பெனி மீட்டிங் வாடகையை அந்த மாதங்களுக்குத் தனியாகப் போடலாம். ஆனால் ஒன்று: அந்தக் காலண்டர் கடைசியாக மாற்றப்பட்டது எட்டு மாதம் முன்பு. புக்கானது எல்லாம் உங்கள் நோட்டில் இருக்கும், சைட்டில் காலி என்று காட்டும். இந்தப் பொய்க்குக் காலண்டரே இல்லாமல் இருப்பது மேல். நோட்டில் எழுதும்போதே போனிலும் மாற்றிவிட உங்களுக்கு முடியும் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் எடுத்துவிட்டு, "முகூர்த்தத் தேதியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்" என்று ஒரு பட்டன் போதும். யார் தினமும் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்காமல் போடப்பட்ட எந்த டிசைனும் ஆறு மாதத்தில் கெட்டுப்போகும்.

அந்த பட்டன் வந்துவிட்டால் "தொடர்புக்கு" பக்கத்தில் உள்ள பதினொரு கட்டப் படிவம் தேவையில்லை. இமெயில் கட்டாயம் என்று வேறு இருக்கிறது. பெண்ணின் அப்பாவிடம் எதற்கு இமெயில்? அமெரிக்காவில் ஒரு பெரிய விற்பனைத் தளத்தில், பொருளை எடுத்த பிறகு பணம் கட்டப் போகிறவரை மறித்து "முதலில் பதிவு செய்யுங்கள்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜாரெட் ஸ்பூல் என்ற நிபுணரின் குழு சொன்னதன் பேரில் அந்தப் பதிவு பட்டனை எடுத்துவிட்டு, "தொடரவும், பதிவு கட்டாயமில்லை" என்று மாற்றினார்கள். வாங்கி முடித்தவர்கள் 45 சதவீதம் கூடினார்கள். முதல் ஆண்டில் 300 மில்லியன் டாலர் கூடுதல் விற்பனை. மாற்றியது ஒரு பட்டன்.

போன் நம்பர் உங்கள் சைட்டில் பளிச்சென்று இருக்கிறது, ஆனால் படத்துக்குள் இருக்கிறது. விரலால் தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. எழுத்தாக இருந்தால் தொட்டதும் கால் போகும். முகவரியும் அப்படியே, தொட்டால் மேப் திறக்க வேண்டும். வசதிகளின் பட்டியலையும் பிளெக்ஸ் பேனர் மாதிரி ஒரே படமாக ஆக்கி ஒட்டியிருக்கிறார்கள். போனில் அது எறும்பு எழுத்தாகிவிடுகிறது, கண் தெரியாதவர்களுக்குப் படித்துக்காட்டும் மென்பொருளாலும் அதைப் படிக்க முடியாது. காரணத்தை ஊகிக்கிறேன்: பிரஸ்ஸில் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த நோட்டீஸைக் கொடுத்திருப்பீர்கள், சைட்டில் ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வந்திருக்கும், பையன் படமாக்கிவிட்டான். எல்லா போனிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட் முறையில் ஒருமுறை அடித்துவிட்டால் தீர்ந்தது.

தங்க எழுத்து விஷயத்தில் வீட்டில் எதிர்ப்பு வரும். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது உலகம் முழுக்க ஏற்கப்பட்ட விதி. பெரிய தலைப்புகளுக்கு 3-க்கு 1 போதும். வழக்கமான தங்க நிறத்தை வெள்ளையில் போட்டாலே 2-க்கு 1 அளவில்தான் நிற்கும், சந்தன நிறத்தில் இன்னும் குறையும். அச்சடித்த பத்திரிகையில் தங்க ஃபாயில் வெளிச்சம் பட்டு மின்னும், அதனால் படிக்க வரும். திரையில் எதுவும் மின்னாது, வெளிறிய மஞ்சளாகத்தான் தெரியும். வெயிலில் நின்று போன் பார்க்கிறவருக்கு எழுத்தே இருக்காது. தங்க நிறத்தைப் பார்டருக்கும் கோலத்துக்கும் வைத்துக்கொண்டு, எழுத்தை அடர்ந்த மெரூனில் போட்டால் கல்யாணக் களையும் போகாது. தமிழ் எழுத்துக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். நமக்கு மேலே கொக்கி, கீழே சுழி எல்லாம் உண்டு. ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியில் "கீ"யின் கொக்கியும் மேல்வரி "கூ"வின் வாலும் முட்டிக்கொள்ளும். இடைவெளியைத் தாராளமாக விடச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், நான் சொன்னேன் என்பதற்காக எதையும் மாற்ற வேண்டாம். ஆட்களை வைத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஜேக்கப் நீல்சன் என்ற டென்மார்க் நிபுணர் 2000-ல் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்து பேரிடம் ஒரு தளத்தைக் கொடுத்துப் பார்த்தாலே அதிலுள்ள கோளாறுகளில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும். சரியாக 85 என்பதில் ஆய்வாளர்களுக்குள் விவாதம் உண்டு. முதல் மூன்று நான்கு பேரிலேயே பல ஓட்டைகள் தெரிந்துவிடும் என்பதைத் தொழிலில் இருக்கிற பலரும் ஏற்பார்கள். உங்களுக்கு ஆள் தேட வேண்டியதில்லை, மண்டபம் கேட்டு நேரில் வருகிறவர்களே இருக்கிறார்கள். காபி கொடுத்து, அவர்களுடைய போனிலேயே சைட்டைத் திறக்கச் சொல்லுங்கள். "நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். காபி குடித்தவர் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். வேலை கொடுங்கள்: "ஆவணியில் உங்களுக்கு வேண்டிய முகூர்த்தம் காலியா என்று பாருங்கள்." "நானூறு பேர் வந்தால் எத்தனை பந்தியில் முடியும்?" "எங்களுக்கு போன் போடுங்கள்." பிறகு நீங்களும் தம்பியும் வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் கவனிக்க வேண்டும். இதுதான் கஷ்டம். "மேலே இருக்கு பாருங்க" என்று தம்பி எடுத்துக்கொடுத்தால் சோதனை கெட்டது. விரல் எங்கே தயங்குகிறது, எதைத் தொட்டுவிட்டு ஒன்றும் நடக்காமல் விழிக்கிறார், எந்த இடத்தில் "நீங்களே சொல்லிடுங்களேன்" என்று போனைக் கீழே வைக்கிறார் என்று ஒரு பேப்பரில் குறியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடம் மாற வேண்டும். தம்பிக்கும் அதன் பிறகு ரசனை பற்றிப் பேசத் தோன்றாது.

தஞ்சாவூர்க்காரர் டிசைன் தப்பு என்று சொன்னதில் பாதி சரி. பழைய டெக்னாலஜி என்பது சரியில்லை. 1991-ல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ போட்ட முதல் வெப் பக்கத்தின் பிரதி இன்றும் இணையத்தில் இருக்கிறது. உங்கள் போனில் திறந்தால் சட்டென்று வரும், திரைக்குள்ளும் அடங்கும், படிக்கவும் முடியும். எதில் செய்யப்பட்டது என்பது வருகிறவருக்குத் தெரியவும் தெரியாது, தேவையும் இல்லை. 1,20,000 ரூபாயை இப்போது எடுக்காதீர்கள். வீடியோவை முகப்பிலிருந்து எடுத்துக் கீழே, தொட்டால் மட்டும் ஓடும்படி வைப்பது, படங்களைச் சுருக்குவது, படத்தில் உள்ள எழுத்தை நிஜ எழுத்தாக்குவது, வாடகையும் அளவுகளும் மேலே வருவது, வாட்ஸ்அப் பட்டன், நிறம். இதெல்லாம் அந்தப் பையனே ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. அவனையும் திட்ட வேண்டாம். பத்திரிகை மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்டீர்கள், பத்திரிகை மாதிரியே செய்து கொடுத்திருக்கிறான். அவனுக்கு நேரமில்லை என்றால் தஞ்சாவூர்க்காரரிடம் இந்தப் பட்டியலை மட்டும் கொடுத்து விலை கேளுங்கள். முழுக்க இடித்துக் கட்டினால்தான் முடியும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம், கூகுள் மேப்பில் உங்கள் மண்டபத்தைத் தேடிப் பார்த்தீர்களா? பலர் சைட்டுக்கு வருவதற்கு முன்பே அங்கேதான் பார்க்கிறார்கள். போன் நம்பர் பழையதாக இருக்கிறது, படங்கள் யாரோ விருந்தாளி பந்தியில் எடுத்தவை. அந்தப் பதிவை உங்கள் பெயரில் எடுத்துக்கொள்ளக் காசு கிடையாது. புதுப் படங்களை அங்கேயும் ஏற்றிவிடுங்கள்.

யாரிடம் வேலை கொடுப்பதாக இருந்தாலும் அதற்கு முன் ஒன்று கேட்டு வாங்குங்கள்: சைட்டின் டொமைன் பெயர், அதாவது அதன் இணைய முகவரி, யார் பெயரில், எந்த இமெயிலில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும். பையனின் பெயரில் இருந்தால் முதல் வேலையாக உங்கள் பெயருக்கு மாற்றி, பாஸ்வேர்டை புக்கிங் நோட்டின் அட்டையில் எழுதாமல் வேறெங்காவது பத்திரமாக வையுங்கள்.